புதிய சங்க ஆண்டு: கண் முகாம், சிறப்புரை, நிதி திரட்டல் – எதை எப்படித் திட்டமிடுவது?

வெண்ணாற்றங்கரை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஜூலை 1 முதல் எங்கள் ஊர் சேவைச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். பட்டியலில் 32 உறுப்பினர்கள், கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர்கள் 18 பேர். இந்த ஆண்டுக்கு நாங்கள் எடுத்திருக்கும் வேலைகள்: கண் சிகிச்சை முகாம் ஒன்று, ரத்ததான முகாம் ஒன்று, மாதம் ஒரு சிறப்புரை, அரசு மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்குக் கழிப்பறை கட்ட 3 லட்சம் ரூபாய் நிதி.

என் கேள்விகள்:

1. கண் முகாமையும் ரத்ததான முகாமையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பந்தல், சேர், சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்கிறார் தலைவர். சரிவருமா?
2. 3 லட்சத்துக்கு இன்னிசைக் கச்சேரி டிக்கெட் நல்லதா, வேறு வழி இருக்கிறதா?
3. சிறப்புரைக்குப் பேச்சாளர் வந்தாலும் ஆள் சேர்வதில்லை. என்ன செய்யலாம்?

முகாம்களை நேரில் நடத்தியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

முகாம்பணி எழுதியது:

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: சேர்க்க வேண்டாம். கண் முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் 55 வயதைத் தாண்டியவர்கள், காலை 7 மணிக்கே வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். ரத்தம் கொடுக்க வேண்டிய இளைஞர்கள் 10 மணிக்கு மேல்தான் வருவார்கள். இருக்கிற 18 தொண்டர்களையும் இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் கை குறையும். பந்தலில் மிச்சம் பிடித்த பணத்தைவிட இதில் போகும் பெயர் பெரியது.

கண் முகாமின் வேலை எப்படிப் பிரிகிறது என்பதை முதலில் உறுப்பினர்களுக்குப் புரிய வையுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கி, ஊர் ஊராக இப்படித்தான் முகாம் நடத்தி வளர்ந்தது: இடம், விளம்பரம், ஆள் திரட்டல், சாப்பாடு ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு; டாக்டர், கருவி, அறுவை மருத்துவமனையின் பொறுப்பு. முகாம் இடத்தில் பரிசோதனை மட்டுமே நடக்கும். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்திலேயே அறுவை செய்ததுண்டு. கிருமித் தொற்று அபாயத்தால் அந்த முறை போய்விட்டது. இப்போது கண்புரை உள்ளவர்களை அன்றைக்கே பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், அறுவை முடித்து, இரண்டு மூன்று நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

தேதி: டெல்டாவில் நடவும் அறுப்பும் உச்சத்தில் இருக்கும்போது வைத்தால் கூட்டம் பாதியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வைக்கவே வேண்டாம். சம்பா அறுப்பு முடிந்த மாசி இரண்டாம் பாதி மிக நல்லது. அந்த வாரத்தில் சுற்று வட்டாரத்தில் கோயில் திருவிழா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு குறைந்தது இரண்டு மாதம் முன்னால் கடிதம் கொடுங்கள். அரசின் மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்துக்குத் தெரிவிக்கும் வேலையை யார் செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். கண்ணாடி, பஸ், டீசல் யார் செலவு என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். முகாம் நாளில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் கண்ணாடி விஷயத்தில்தான். நோட்டீஸில் "இலவசக் கண்ணாடி" என்று போட்டுவிட்டு, கிட்டத்தில் வைத்துப் படிப்பதற்கான கண்ணாடி மட்டும்தான் இலவசம் என்று அங்கே சொன்னால் சண்டை வரும்.

இடம்: தரைத்தளத்திலேயே ஆறு அறை உள்ள பள்ளி போதும். பார்வை எழுத்துப் பலகைக்கு 6 மீட்டர் நீளம் வேண்டும். வராந்தா இதற்குத் தோது. ஓர் அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து இருட்டாக்கிக் கொடுக்க வேண்டும். கருவிகளுக்கு மின்சாரம் தடைபடக்கூடாது, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பதிவு, பார்வை அளவு, முதல் பரிசோதனை, கண் அழுத்தமும் கண்ணீர்ப் பாதையும், கண்ணாடி அளவு, மூத்த டாக்டரின் இறுதிப் பரிசோதனை, பிறகு ரத்த அழுத்தமும் சர்க்கரையும், அதன்பின் ஆலோசனை என்பதுதான் வழக்கமான வரிசை. ஒவ்வொரு மேஜைக்கும் பெரிய எண் எழுதி ஒட்டுங்கள். பார்வை மங்கியவர்களுக்காக வைக்கிற எண், ஒரு முழத்துக்குக் குறைந்தால் தெரியாது. 200 பேர் வருவதாக இருந்தால் 15 தொண்டர்கள் வேண்டும். அதில் ஐந்து பேர் கையைப் பிடித்து அழைத்துப் போவதற்கு மட்டுமே.

விளம்பரம்: 15 கிலோமீட்டர் சுற்றளவில் ரேஷன் கடை, டீக்கடை, பால் சொசைட்டி, ஆரம்ப சுகாதார நிலையம் இங்கெல்லாம் பத்து நாள் முன்னால் நோட்டீஸ். ஆட்டோவில் மைக் கட்டுவது கடைசி மூன்று நாள் மட்டும். நோட்டீஸில் இவை கட்டாயம் இருக்கட்டும்: ஆதார் நகல், போன் நம்பர், சாப்பிடும் மாத்திரைகள், பழைய கண்ணாடி, இரண்டு நாளைக்கு மாற்றுத்துணி, காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும்.

மாற்றுத்துணி வரியைச் சின்ன எழுத்தில் போட்டுவிடாதீர்கள். அறுவைக்குத் தேர்வானவர்களில் பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "துணி எடுத்துட்டு வரலை", "மகன்கிட்ட கேக்கணும்", "மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை". பயம் நாலாவது காரணம்தான். ஆகவே முகாமுக்கு முந்தின வாரம் கிராமத்துக்கு ஒரு தொண்டர் போய், கண் மங்கலாக இருக்கிற பெரியவர்களின் வீட்டாரிடமே பேசிவைக்க வேண்டும். மாட்டைப் பக்கத்து வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்பது வரை பேசுங்கள். முகாமில் ஆலோசனை மேஜையில் உள்ளூர்ப் பேச்சு பேசும் ஒரு பெண் தொண்டரை உட்கார வைத்தால் பாதிப் பேர் மனம் மாறுவார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் கண்ணில் சீழ் அல்லது கண்ணீர்ப் பையில் தொற்று இருப்பவர்களுக்கும் அறுவையைத் தள்ளிவைப்பார்கள். அவர்களைச் சும்மா அனுப்பிவிடாமல் தனிப் பட்டியல் எடுத்து, சுகாதார நிலையத்தில் மருந்து எடுக்க வைத்து, அடுத்த முகாமுக்கு நீங்களே கூப்பிட வேண்டும்.

திறப்பு விழா தயவுசெய்து பத்து நிமிடம். சிறப்பு விருந்தினர் வரும்வரை பரிசோதனையை நிறுத்திவைப்பது கொடுமை. எட்டரைக்கு மேஜையைத் தொடங்கிவிட்டு, விருந்தினர் வரும்போது அவர் பாட்டுக்குக் குத்துவிளக்கு ஏற்றட்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்குப் போடுங்கள். புளிசாதம் மாலைவரை தாங்கும். தயிர்சாதத்தில் பாலை அதிகமாக விட்டு, உறைக்குச் சேர்க்கும் அளவு மட்டும் தயிர் விட்டுப் பிசைந்தால்தான் மாசி வெயிலில் ஒரு மணிக்குப் புளிக்காமல் இருக்கும். பஸ் ஏறுபவர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.

முகாம் முடிந்ததும் வேலை முடியாது. அறுவைக்குப் பின் ஒரு மாதத்தில் மறுபரிசோதனை உண்டு. அதற்கு முந்தின நாள் மாலையில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டால்தான் வருவார்கள். திரும்பி வரும் நாளிலேயே வீட்டாரிடம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: வலி, சிவப்பு, சீழ், பார்வை திடீரென்று குறைவது, இதில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகிறதற்கு வண்டி ஏற்பாடு செய்யும் ஓர் உறுப்பினரின் நம்பர் எல்லார் கையிலும் இருக்கட்டும்.

---

சிவப்பணு எழுதியது:

ரத்ததான முகாம் பற்றி மட்டும். உரிமம் உள்ள ரத்த மையம்தான் ரத்தம் எடுக்க முடியும். சங்கம் இடமும் ஆளும் தருகிறது, அவ்வளவே. பேனரில் "100 யூனிட் இலக்கு" என்று போடுவதற்கு முன்னால், மையத்துக்கு எத்தனை யூனிட் தேவை என்று கேளுங்கள். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் 35 நாள், அணுக்களின் ஆயுளை நீட்டும் சேர்க்கைக் கரைசல் கலந்த பையில் 42 நாள் வைக்கலாம். தட்டணுக்களின் ஆயுள் 5 நாள்தான். ஒரே நாளில் குவித்தால் ஒரு பகுதி காலாவதியாகும், இரண்டு மாதம் கழித்துத் தட்டுப்பாடு வரும். ஆண்டுக்கு ஒரு பெரிய முகாமைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 25 பேர் என்பது ஆஸ்பத்திரிக்கு உண்மையான உதவி. டெங்குக் காலத்தில் ஒரு முகாம் விழுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பவர் தகுதி: வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ (450 மில்லி எடுக்க 55 கிலோவுக்கு மேல்), ஹீமோகுளோபின் 12.5 கிராம். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக்கூடாது. கல்லூரிப் பையன்கள் காலை டிபனை விட்டுவிட்டு வந்து மயங்கி விழுவது வாடிக்கை. பதிவு மேஜையிலேயே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு, இல்லையென்றால் நாலு இட்லி கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து அனுப்புங்கள். கொடுத்த பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும். இருசக்கர வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பணமோ விலையுள்ள பரிசோ தரவே கூடாது. பரிசுக்காக வருபவர் தன் நோயையும் பழக்கங்களையும் மறைப்பார், ஆபத்து நோயாளிக்கு. ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பப்படும் பெண்கள் ஒவ்வொரு முகாமிலும் நிறைய. அவர்களுக்கு அங்கேயே டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தால் முகாமுக்கு இரட்டைப் பலன்.

---

அடிக்கட்டை எழுதியது:

பணம் சம்பந்தப்பட்டதை நான் எழுதுகிறேன். கச்சேரி வேண்டாம் என்பது என் கருத்து. 200 ரூபாய் டிக்கெட் 400 விற்றால் 80,000. மண்டபம், ஒலி ஒளி, கலைஞர்கள், பாடல் உரிமைக் கட்டணம், போலீஸ் அனுமதி எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியும் கூடாது. மழை வந்தால் முழு நஷ்டம்.

சிற்றூருக்கு ஏற்றது தீபாவளிப் பலகாரம். அரை கிலோ இனிப்பு, அரை கிலோ காரம் ஒரு பெட்டி. எடுத்துக்காட்டுக்கு, பொருள், மாஸ்டர் கூலி, பெட்டி எல்லாம் சேர்த்து 340 ரூபாய் அடங்கி, 450க்கு விற்றால் பெட்டிக்கு 110 நிற்கும். 1,000 பெட்டி போனால் 1,10,000. இதில் பணம் காணாமல் போகும் இடங்கள் மூன்று. ஒன்று, முன்பணம் வாங்காத ஆர்டர்: பாதிப் பணமாவது வாங்கினால்தான் ஆர்டர் என்று வையுங்கள், தீபாவளிக்கு 12 நாள் முன்னால் கணக்கை மூடுங்கள். இரண்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாகப் போடுவது: மொத்த ஆர்டருக்கு மேல் நூற்றுக்கு மூன்று பெட்டி போதும். மூன்று, உறுப்பினர்கள் கடனாக எடுத்துப்போகும் பெட்டி: இது வருடக் கடைசிவரை இழுக்கும், ஒரு பெட்டிகூடக் கடன் இல்லை என்று கூட்டத்தில் தீர்மானமே போடுங்கள். எடை குறையக்கூடாது, பெட்டியையும் தாளையும் கழித்துத்தான் ஒரு கிலோ. உணவுப் பாதுகாப்புப் பதிவு உள்ள சமையல்காரரிடமே கொடுங்கள், அந்த எண்ணும் தயாரித்த தேதியும் பெட்டியில் இருக்கட்டும். நெய் என்று சொல்லிவிட்டு வனஸ்பதி கலந்தால் அடுத்த ஆண்டு ஆர்டர் வராது.

கூடவே பழைய பேப்பர் சேகரிப்பு நடத்தலாம். கிலோ 12 ரூபாய் போனால் ஒரு டன்னுக்கு 12,000. மாதம் ஒரு ஞாயிறு, தெருவுக்கு இரண்டு பேர், ஒரு சின்ன யானை வண்டி. பெரிய தொகை வராது, ஆனால் வீட்டு வாசலில் போய் நின்று சங்கம் என்ன செய்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

கணக்கு: நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. லயன்ஸ் சங்கங்களில் இது விதியாகவே உண்டு: பொதுமக்களிடம் திரட்டியது பொதுமக்களுக்கே போக வேண்டும், நிதி திரட்டிய நிகழ்ச்சியின் நேரடிச் செலவை மட்டும் அதில் கழிக்கலாம். உங்கள் சங்கம் எதுவானாலும் இதைக் கடைப்பிடியுங்கள். பதவியேற்பு விழா விருந்தையும் பொன்னாடையையும் சேவைப் பணத்தில் போட்டால் ஊரில் நம்பிக்கை போய்விடும்.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு, அடிக்கட்டையோடு. யாருக்கு எந்தப் புத்தகம் என்று கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், எழுதாத புத்தகமும் திரும்பி வர வேண்டும். கியூஆர் அட்டை சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே இருக்க வேண்டும், பொருளாளரின் சொந்த ஜிபே நம்பர் கூடவே கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அந்தப் பணம் அவருடைய வருமானம் போலத்தான் தெரியும், பின்னால் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து.

நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி இல்லாமல் "வரிவிலக்கு உண்டு" என்று ரசீதில் அச்சடிக்காதீர்கள். அனுமதி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. கொடுத்தவரின் பான் எண் ரசீதிலேயே இருந்தால்தான் ஆண்டு முடிந்து தாக்கல் செய்வது சுலபம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களையும் படிவங்களையும் ஆடிட்டரிடம் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா, எல்லாருக்கும். தேதியை மாசிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இரண்டு துணைக் கேள்விகள். 100 ரூபாய் கூப்பன் விற்று, குலுக்கலில் ஸ்கூட்டர் பரிசு என்று ஓர் உறுப்பினர் சொல்கிறார். இன்னொருவரின் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார், 50,000 அனுப்பத் தயார் என்கிறார். இவை இரண்டும் சரியா?

---

அடிக்கட்டை எழுதியது:

குலுக்கலைத் தொடவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை, பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. "நல்ல காரியத்துக்குத்தானே" என்பது அங்கே எடுபடாது.

சிங்கப்பூர்ப் பணத்தில், தம்பியின் கையில் எந்தப் பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்தியக் குடிமகனாகவே இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டாரென்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குரிய மத்திய அரசுப் பதிவு சங்கத்துக்கு வேண்டும். பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் வர வேண்டும். பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து சங்கத்துக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள்.

---

மேடைக்குறிப்பு எழுதியது:

சிறப்புரைக்கு ஆள் வராததற்குத் தலைப்புதான் முதல் காரணம். "மனித வாழ்வில் மகிழ்ச்சி" என்று போட்டால் உறுப்பினர்களே வர மாட்டார்கள். "வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம்: எந்தக் காகிதம் எங்கே?" என்று போட்டுப் பாருங்கள், தெருவே வரும். டெல்டாவில் எடுபடும் சில: பாம்புக்கடி, ஆன்லைன் மோசடி, பத்தாவது பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு மே மாத வழிகாட்டல், வீட்டு மின் பாதுகாப்பு. கடைசியாகச் சொன்னதில் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான் ஒன்றை மேடையில் பலகையில் மாட்டி, சோதனைப் பொத்தானை அமுக்கி அது மின்சாரத்தைத் துண்டிப்பதைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வாரமே பலர் வீட்டில் மாட்டுவார்கள்.

பாம்புக்கடி உரைக்கு அரசு மருத்துவமனை டாக்டரை அழையுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் படமும் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். கயிறு கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்து 108க்குக் கூப்பிடு: இது எல்லார் மனதிலும் பதிய வேண்டும். கட்டுவிரியன் கடி பெரிதாக வலிக்காது, தடமும் தெரியாது. தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்று வலி, இமை சரிவு என்று எழுந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்பதை டாக்டரிடம் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். உயிருள்ள பாம்பைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்பவரை ஒப்புக்கொள்ளாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கூட்டத்துக்கும் ஆபத்து.

ஆன்லைன் மோசடி உரையில் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணை ஒவ்வொருவரும் போனில் பதிந்துகொண்டு போக வேண்டும். பணம் போன சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் அடுத்த கணக்கில் முடக்க வழி இருக்கிறது.

ஏற்பாடு: அரசு அலுவலர் என்றால் மேலதிகாரி அனுமதி வேண்டியிருக்கும், மூன்று வாரம் முன்னால் கடிதம். மாறுதல் வந்துவிடும், ஆகவே மாற்றுப் பேச்சாளர் ஒருவர் கைவசம். டாக்டர்களுக்கு மாலை கிளினிக் நேரம். ஞாயிறு காலை 10 மணியே வசதி. பேச்சு 25 நிமிடம், கேள்வி 20 நிமிடம். அறிமுகம் நாலு வரி, அதையும் பேச்சாளரிடம் முன்கூட்டியே காட்டி விடுங்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை என்று ஒரு மணி நேரம் ஓடினால், பேச வந்தவர் எழுந்து நிற்கும்போது பாதி நாற்காலி காலி.

பெண்களும் மாணவர்களும் மைக்கில் கேட்கக் கூச்சப்படுவார்கள். தொடக்கத்திலேயே துண்டுச்சீட்டும் பேனாவும் கொடுத்து, பேச்சின் நடுவிலேயே சேகரித்துக்கொள்ளுங்கள். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள், போக்குவரத்துச் செலவை உறையில் வைத்துக் கொடுங்கள்; பேச்சாளர் கேட்கும்வரை காத்திருப்பது முறையல்ல. மறுநாள் ஒரு பக்கக் குறிப்பை வாட்ஸ்அப்பில் போட்டால், வராதவர்கள் அடுத்த மாதம் வருவார்கள்.

---

செங்கல்சூளை எழுதியது:

கழிப்பறை பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன். நிதி திரட்டத் தொடங்கும் முன்பே தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு இருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அரசு வேறு திட்டத்தில் அதே இடத்தில் கட்ட ஒதுக்கியிருக்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகவும் குறிப்பிட்ட அரசுப் பள்ளிக்கு என்று கொடுக்க முடியும். எது தோது என்று பள்ளியிலேயே கேளுங்கள்.

கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகள் நிறைய. கட்டடத்தில் குறை இருக்காது. தண்ணீர் இருக்காது, கழுவ ஆள் இருக்காது. 3 லட்சம் முழுவதையும் சுவரிலும் டைல்ஸிலும் போடாமல், 2,40,000க்குள் கட்டடத்தை அடக்கி, 60,000த்தைத் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், இரண்டாண்டுத் துப்புரவுப் பொருள்களுக்கென்று தனியாக நிறுத்துங்கள். துப்புரவுப் பணியாளருக்கு யார் ஊதியம் கொடுப்பது என்பது ஒப்புதல் கடிதத்திலேயே இருக்கட்டும்.

மாணவிகளுக்கு என்பதால் சில சின்ன விஷயங்கள் கட்டாயம்: கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரண்டு, கதவின் அடியில் இடைவெளி குறைவாக, ஒவ்வோர் அறையிலும் துணி மாட்டக் கொக்கி, மூடி போட்ட குப்பைக்கூடை, நாப்கின் எரிப்பான் வைப்பதானால் அதற்கு மின் இணைப்பும் புகைபோக்கியும். ஒன்றிலாவது மேற்கத்திய இருக்கையும் கைப்பிடியும் வாசலில் சாய்தளமும் வையுங்கள். மாற்றுத்திறனாளி மாணவி ஒருத்தி அடுத்த ஆண்டு சேரலாம். டெல்டாவில் நிலத்தடி நீர் மேலே நிற்கும். கழிவுத்தொட்டியின் அடிமட்டத்தை மழைக்கால நீர்மட்டம் பார்த்து முடிவு செய்யுங்கள், கோடையில் தோண்டிப் பார்த்து முடிவு செய்தால் கார்த்திகையில் தொட்டி நிரம்பிக் கழிவு திரும்ப மேலே ஏறும். நன்கொடையாளர் பெயர்ப் பலகையை எங்கே வைப்பது என்ற பேச்சு வரும்போது, கழிப்பறைக் கதவுக்கு மேலே வேண்டாம், பள்ளி அலுவலக வராந்தாவில் வையுங்கள். மாணவிகள் கூச்சமில்லாமல் உள்ளே போகட்டும்.